பெயருக்கான செலவு: தேயிலை விளம்பர வரியும் தேடுபொறிக் கணக்கும்

மலையகத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு நமது அகராதிகள் தராத பொருளொன்று உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளம் செக்ரோலிற் பதியப்படுவதை அங்கு 'பேர் போடுதல்' என்பர். நிர்ணயித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து கொணர்ந்தவருக்கு 'அரைப்பேர்' விழும். உழைப்பவரது பெயர் அவரது உழைப்பின் அளவையாகவே மாறிவிட்ட இவ்வழக்கு, பேச்சுமொழி எவ்வளவு துல்லியமாகச் சமூக உறவினைப் பதிந்து வைக்கிறது என்பதற்குச் சான்றாகும். அதே மலைச்சரிவுகளில் விளையும் பண்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. 'சிலோன் டீ' எனும் அப்பெயரை உலகச் சந்தையில் நிலைநிறுத்துவதற்காக நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பணம் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. செக்ரோலிலே விழும் பேருக்கும் தேயிலைப் பெட்டியிலே பொறிக்கப்படும் பெயருக்கும் இடையிலுள்ள பொருளியல் உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் பரப்பும் செலவு நமது காலத்திலே புதியதோர் உருவத்தை எடுத்துள்ளமையால் இவ்விளக்கம் தேவைப்படுகிறது. கணினியிலோ கைத்தொலைபேசியிலோ ஒருவர் ஒரு சொல்லை இட்டுத் தேடும்பொழுது விடையாக வரும் பக்கங்களின் வரிசையில் தமது பக்கம் முன்னே நிற்கும்படி செய்வதற்கு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தனியாக நிதி ஒதுக்குகின்றன. இதனைத் தேடுபொறி உகப்பாக்கம் என்பர். இலக்கிய மாணவராகிய நாம் வரவுசெலவுக் கணக்கிலே தலையிடுவது ஏன் என்று வினவப்படலாம். தேடுபொறியின் பார்வைக்கென எழுதப்படும் உரைநடை இன்று உலகில் மிகப் பெருமளவில் உற்பத்தியாகும் உரைநடைகளுள் ஒன்றாகும். எழுதுபவர் கூலிக்கு எழுதுகிறார். எந்தச் சொல் எத்தனை முறை தேடப்படுகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே கொடுக்கப்படுகிறது. புரவலருக்குப் பாடிய புலவரை ஆராய்வோர் இப்புதிய புரவலரை ஆராயாமல் விடுதல் முறையன்று.

இக்கணக்கு மிகத் தெளிவாகப் புலப்படுவது சந்தா முறையில் மென்பொருள் விற்கும் நிறுவனங்களிலேயாகும். இவை மென்பொருளைப் பெட்டியிலிட்டு ஒருமுறை விற்பதில்லை; மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் வாடகைபோலப் பணம் பெறுகின்றன. 1999இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் இம்முறைக்கு வழிகாட்டியாயிற்று. தமிழகத்தில் வேர்கொண்ட சோகோவும், 2010இல் சென்னையில் தொடங்கி 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையை அடைந்த ஃபிரெஷ்வேர்க்ஸும் இவ்வகையினவே. பிந்தியது வெளியிட்ட கணக்குகளை நோக்குமிடத்து, மென்பொருளை ஆக்கும் ஆராய்ச்சிச் செலவைக் காட்டிலும் அதனை விற்கும் செலவே பெரிதாயிருந்தமை தெரியவரும். இது அந்நிறுவனத்துக்கு மட்டும் உரிய விந்தையன்று; இத்துறையின் பொது இயல்பு அதுவே.

செலவின் அளவு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது? விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் மாதச் சந்தாவாக 1,000 ரூபா பெறுகிறது. மாதந்தோறும் சந்தாதாரரில் நூற்றுக்கு நால்வர் விலகுகின்றனர். எனவே ஒருவர் சராசரியாக 25 மாதம் நிலைத்திருப்பார். அவரால் வரும் மொத்தப் பணம் 25,000 ரூபா. சேவையை நடத்தும் நேர்ச்செலவு ஐந்திலொரு பங்கு எனக் கொண்டால் எஞ்சுவது 20,000 ரூபா. அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஆளைப் பிடிப்பதற்குச் செலவிடலாகாது என்பது இத்துறையில் வழங்கும் விதி. ஆகவே ஒரு புதிய சந்தாதாரருக்காகச் செலவிடத்தக்கது ஏறக்குறைய 6,600 ரூபா. தேடுபொறி வழியாக மாதம் 10,000 பேர் வந்து, அவருள் நூற்றுக்கு ஒருவர் பரீட்சித்துப் பார்த்து, பார்த்தவருள் பத்திலொருவர் பணம் கட்டுவாராயின், கிடைப்போர் மாதம் பதின்மர். அவ்வழிக்கு ஒதுக்கத்தக்க மேலெல்லை மாதம் 66,000 ரூபா என்றாகும். எழுத்தாளர் கூலி, பக்கங்களின் தொழில்நுட்பச் சீரமைப்பு, பிற தளங்கள் தம் பக்கத்தைச் சுட்டும்படி செய்யும் முயற்சி, அளவிடும் கருவிகளுக்கான கட்டணம் யாவும் இதற்குள் அடங்கவேண்டும்.

கணக்கு எளிது, சிக்கல் காலத்திலே உள்ளது. தேடுபொறியில் விளம்பரத்துக்கு நேரே பணம் கட்டினால் இன்றே ஆள் வருவர், பணம் நின்றால் நாளையே வரவு நிற்கும். உகப்பாக்கமோ ஆறு மாதம், ஓர் ஆண்டு கழித்தே பயன் தரும். தந்தபின் செலவு குறைந்தாலும் சில காலம் பயன் நீடிக்கும். முன்னையது வெளியாரிடம் கொழுந்து வாங்கி அரைக்கும் தொழிற்சாலையைப் போன்றது. பின்னையது மலையைத் திருத்திக் கன்று நடுவதைப் போன்றது. காலாண்டுக்கொருமுறை இலாபம் காட்டவேண்டிய மேலாளர் முதலிலே வெட்டுவது இக்கன்று நடும் செலவையே. 1992இல் அரச தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, 53 ஆண்டுக் குத்தகை வழங்கப்பட்ட பின்னர் மலையகத்தில் மீள்நடுகை பிந்தங்கியமைக்கான காரணத்தை அறிந்தோருக்கு இதில் வியப்பேதும் இராது. நாளை யாருக்கோ உரியதாகப் போகும் நிலத்தில் இன்று யார் முதலிடுவர்? தேடுபொறியின் நிலமும் அத்தகையதே. 1998இல் நிறுவப்பட்ட கூகிள் தன் தரவரிசை விதிகளை அடிக்கடி மாற்றிவருகிறது. 2024 முதல் பக்கங்களைத் திறவாமலே விடையை மேலே தந்துவிடும் முறையையும் புகுத்தியுள்ளது. பிறர் நிலத்திற் பயிரிடுவோரின் அச்சம் இந்நிறுவனங்களின் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் மறைந்து நிற்கிறது.

இச்செலவின் தன்மையைச் சரியாக இனங்காண்பதற்கு மார்க்சின் 'மூலதனம்' இரண்டாம் பாகம் நமக்கு உதவுகிறது. எங்கெல்சினால் 1885இல் வெளியிடப்பட்ட அந்நூலிலே சுற்றோட்டச் செலவுகள் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. பண்டத்தைக் கொண்டுசெல்லும் செலவு வேறு. பண்டம் பணமாக மாறும் உருமாற்றத்துக்கென்றே ஏற்படும் செலவு வேறு. பின்னையது முதலாளிக்கு இன்றியமையாததாயினும் புதிய பெறுமதி எதனையும் ஆக்குவதில்லை. அது உற்பத்தியில் ஏலவே ஆக்கப்பட்ட உபரியிலிருந்தே ஈடுசெய்யப்படவேண்டும். தேடுபொறிச் செலவு இவ்வகையினதே. எனவே எந்த நிறுவனத்திலும் கேட்கவேண்டிய முதல் வினா 'எவ்வளவு செலவிடுவது' என்பதன்று. 'யாருடைய உபரியிலிருந்து, யாருக்கு உடைமையாகும் பெயருக்காக' என்பதாகும். மென்பொருள் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் இவ்வினா எளிதில் மறைந்துவிடும். செலவிடுவதும் பயன்பெறுவதும் ஒரே சட்ட உரு ஆகையால், உபரியை ஆக்கியவர் கண்ணிற் படார். தேயிலையில் அது மறையவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று சட்டமே எழுதிவைத்தமையால், அங்கு பெயரின் விலையைக் கொழுந்துக் கூடையளவிலேயே அளந்து பார்க்கலாம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டதும், கோப்பி நோயினால் அழிந்தபின் அப்பயிர் மலைகளை மூடியதும் யாவரும் அறிந்தவை. 1883இல் கொழும்பு ஏலம் தொடங்கிற்று. அக்காலத்திலே இங்கிலாந்தில் தேநீர் என்றால் சீனத் தேயிலையே. இன்றைய மொழியிற் சொல்வதாயின், தேடுவோர் இட்ட சொல்லுக்கு இலங்கை விடையாக வரவில்லை. தோட்டத்துரைமார் சங்கம் இதனை விரைவிலேயே உணர்ந்தது. 1890களில் ஏற்றுமதித் தேயிலைமீது சிறு வரி விதிக்கப்பட்டு, அப்பணம் வெளிநாடுகளில் இலங்கைத் தேயிலையைப் பரப்பச் செலவிடப்பட்டது. 1893ஆம் ஆண்டுச் சிக்காகோக் கண்காட்சியில் இலங்கை பெருஞ் செலவில் இடம்பெற்றமை இம்முயற்சிகளுள் ஒன்று. 1890இல் இங்கு தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் வேறு வழியிற் சென்றார். தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்ற கருத்தைத் தம் பெயரோடு பிணைத்து விளம்பரப்படுத்தினார். ஒன்று நாட்டின் பெயர், மற்றது வணிகரின் பெயர். நாட்டின் பெயருக்கு எல்லோரிடமும் வரி அறவிடப்பட்டது; வணிகரின் பெயர் அவரது தனியுடைமையாயிற்று. இவ்வேறுபாடு பின்னர் மிகுந்த விளைவுகளைத் தந்தது.

1932 நாம் நின்று நோக்கவேண்டிய ஆண்டு. உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை விலை வீழ்ந்திருந்த அவ்வாண்டிலேதான் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை சட்டப்படி அமைக்கப்பட்டது. ஏற்றுமதியாகும் தேயிலைமீதான வரியே அதன் வருமானம். பிரித்தானியப் பேரரசுச் சந்தைப்படுத்தற் சபையில் அனுபவம் பெற்ற ஜெர்வாஸ் ஹக்ஸ்லி அதனை நடத்த அழைக்கப்பட்டார். 1933இல் இந்தியா, இலங்கை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியா ஆகிய நாடுகளின் உற்பத்தியாளர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டனர். 1935இல் மூன்று நாடுகளின் வரிப்பணத்தையும் கொண்டு சர்வதேசச் சந்தை விரிவாக்கச் சபை ஏற்பட்டது. ஒரு கையால் உற்பத்தியைச் சுருக்கி, மறு கையால் தேவையைப் பெருக்கும் திட்டம் அது.

அதே ஆண்டுகளில் செக்ரோலின் நிலை யாது? 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் மலைநாட்டு ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதம் என நிர்ணயிக்கப்பட்டிருந்தது. பெண்ணுக்கு அதனிலும் குறைவு. மந்தத்தைக் காரணங் காட்டி, 1930களின் தொடக்கத்திலே இச்சம்பளம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வெட்டப்பட்டது. பேருக்குப் பணமில்லை, பெயருக்குப் பணமுண்டு. இதனை நாம் வெறும் வஞ்சகம் என்று கூறமாட்டோம். துரைமார் சங்கத்தின் தருக்கத்தில் இரண்டும் ஒரே கணக்கின் இரு வரிகள். விலை உயர்ந்தால்தான் இலாபம், விலை உயர விளம்பரம் வேண்டும், அதுவரை செலவைக் குறைக்கச் சம்பளத்தை வெட்டவேண்டும். விளம்பரச் செலவு எதிர்காலத்துக்கான முதலீடாகவும் சம்பளம் குறைக்கவேண்டிய சுமையாகவும் எழுதப்பட்டமையே கவனிக்கத்தக்கது. இன்றைய மென்பொருள் நிறுவனங்கள் ஆட்குறைப்புச் செய்யும் ஆண்டிலேயே விற்பனைச் செலவைக் கூட்டுவதும் இதே இலக்கணத்தின் பாற்பட்டதே.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. பிரசாரச் சபை அமைவதற்கு ஓராண்டு முன்னர், 1931இல், கோ. நடேசய்யர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியிருந்தார். அவரும் மனைவி மீனாட்சியம்மாளும் பாட்டுக்களைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டுத் தொழிலாளர் கூடும் இடங்களிற் பரப்பினர். மீனாட்சியம்மாள் தாமே பாடினார். மலையக இலக்கிய வரலாறு எழுதுவோர் இப்பாடல்களைக் கலை மதிப்புக் குறைந்த பிரசாரம் என்று சில வேளை ஒதுக்குவதுண்டு. 1930களின் மலைநாட்டில் இரு பிரசாரங்கள் நடந்தன என்பதையும், ஒன்றுக்கு மட்டுமே சட்டம் வரி திரட்டித் தந்தது என்பதையும் அவர்கள் மனங்கொள்வார்களாயின், தரம் பற்றிய அத்தீர்ப்பு இத்துணை எளிதாக வந்திராது.

பெயருக்குச் செய்த செலவு எவ்வளவு ஆழமாகச் சொத்தாக உறைந்துவிட்டது என்பது 1972இல் வெளிப்பட்டது. நாடு குடியரசாகிச் சிறீ லங்கா எனப் பெயர் பெற்றது. நிலச்சீர்திருத்தம் வந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1976 சனவரியிலே பிரசாரச் சபை முதலியவற்றின் பணிகளை ஏற்று இலங்கைத் தேயிலைச் சபை இயங்கத் தொடங்கியது. குடியேற்ற காலப் பெயரைத் துறந்த அரசு, தேயிலையில் மட்டும் அதனைத் துறக்கவில்லை. 'சிலோன்' என்ற சொல் சிங்க இலச்சினையோடு பெட்டிகளில் நின்றது. முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டாலன்றி அவ்விலச்சினையைப் பயன்படுத்த இயலாது. தேசிய உணர்வு ஓங்கியிருந்த காலத்திலே இது முரண்பாடாகத் தோன்றலாம். தேடுபொறிக் கணக்காளருக்கு இதில் முரண்பாடில்லை. பல ஆண்டு செலவிட்டு முன்வரிசைக்குக் கொணர்ந்த முகவரியை மாற்றினால் வரவு சரியும் என்பது அவருக்கு அரிச்சுவடி. அரசு மாறலாம், உடைமை மாறலாம். தேடப்படும் சொல் மாறலாகாது.

2010இல் இவ்வரலாற்றின் புதிய அத்தியாயம் தொடங்கியது. ஏற்றுமதியாகும் தேயிலை ஒவ்வொரு கிலோவுக்கும் 3 ரூபா 50 சதம் விளம்பர, சந்தைப்படுத்தல் வரியாக அறவிடப்பட்டது. ஆண்டுக்கு 30 கோடி கிலோ ஏற்றுமதி எனக் கொண்டால் 105 கோடி ரூபா திரளும். திரளவும் செய்தது. எனினும் உலகளாவிய விளம்பர இயக்கம் பல ஆண்டுகள் தொடங்கவேயில்லை. ஏற்றுமதியாளரின் முறைப்பாடு தொடர்ந்தது. மென்பொருள் நிறுவனமொன்றிலே ஒதுக்கிய பணம் ஒரு காலாண்டு செலவாகாதிருந்தால் அடுத்த காலாண்டில் அது பறிபோகும். இங்கோ பணம் தேங்கிக் கிடக்க, விளம்பரம் காத்திருந்தது. திட்டமிடல் இன்றிச் செய்யப்படும் வரிக்கும் திட்டமிட்ட செலவுக்கும் உள்ள வேறுபாடு இது.

வரியைச் செலுத்துபவர் ஏற்றுமதியாளர் என்பது சட்டத்தின் கூற்று. பொருளியலின் கூற்று வேறு. ஏற்றுமதியாளர் ஏலத்தில் விலை கேட்கும்பொழுதே இதனைக் கழித்துக்கொண்டு கேட்பார். தொழிற்சாலை அதனைக் கொழுந்தின் விலையிலோ சம்பளப் பேச்சுவார்த்தையிலோ கழிக்கும். கூடையளவில் கணக்கிடுவோம். பச்சைக் கொழுந்து நான்கரைக் கிலோ ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலையாகும். பல தோட்டங்களில் முழுப்பேருக்குரிய நிறையாக வழங்கும் 18 கிலோ கொழுந்து 4 கிலோ தேயிலை தரும். அதாவது முழுப்பேர் ஒவ்வொன்றும் 14 ரூபா விளம்பர வரியைச் சுமக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 285 ரூபா. வரி விதிக்கப்பட்ட காலத்தில் அது அடிப்படைச் சம்பளத்தின் இருபதிலொரு பங்குக்கு நிகராக நின்றது. 1,000 ரூபாச் சம்பளத்துக்கான கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021இலேதான் சம்பளச் சபை வாயிலாக நிறைவேறியது. 2024இல் அது 1,350 ரூபாவாயிற்று. இப்புதிய தொகையோடு ஒப்பிடின் 14 ரூபா நூற்றிலொரு பங்களவே. தொகை சிறிதென்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதி இன்று சிறுதோட்ட உடைமையாளரிடமிருந்து வருகிறது என்பதையும், அவர்களும் இவ்வரியைச் சுமப்பவர்களே என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். நமது வினா தொகையைப் பற்றியதன்று, உரித்தைப் பற்றியது.

உரித்து எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு லிப்டனின் பிற்கால வரலாறு நல்ல விளக்கம். அப்பெயரை நெடுங்காலம் வைத்திருந்த யுனிலீவர், தன் தேயிலைத் தொழிலின் பெரும்பகுதியை 450 கோடி யூரோவுக்கு முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்க 2021இல் உடன்பட்டு, 2022இல் கைமாற்றியது. புதிய உடைமையாளர் 2024இல் தம் கிழக்காபிரிக்கத் தோட்டங்களை இலங்கையின் பிரவுண்ஸ் நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டனர். பெயரைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். நிலமும் செடியும் உழைப்பும் விலக்கத்தக்க சுமை, பெயரே வைத்திருக்கத்தக்க சொத்து என்ற தீர்மானம் இது. நாட்டின் பெயராகிய 'சிலோன்' அவ்வாறு விற்கப்படாமல் பொதுவில் இருப்பது உண்மையே. ஆயின் அதனை வைத்துப் பயன்பெறும் உரிமம் பொதிசெய்து ஏற்றுவோருக்கே உண்டு. நூறாண்டு கூடை சுமந்தோருக்கு அப்பெயரில் எவ்வகைப் பங்கும் எழுதப்படவில்லை.

இன்று 'சிலோன் டீ' என்று தேடுவோருக்கு வருவன எவை? தேயிலை வணிகரின் பக்கங்களோடு உல்லாச விடுதிகளின் பக்கங்களும் வருகின்றன. கந்தப்பொளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தொழிற்சாலை 1996இல் விடுதியாயிற்று. ஹற்றனுக்கு அப்பால் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய துரைமார் பங்களாக்கள் 2005 முதல் விருந்தினருக்குத் திறக்கப்பட்டன. இவ்வகைப் பக்கங்களிற் பெரும்பாலும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் படமொன்று இருக்கும். கூடையும் மலையும் புன்னகையும் இருக்கும், பெயர் இராது. பிரசாரச் சபைக் காலத்துச் சுவரொட்டியின் நேர்வாரிசு இப்படம். லயத்தைத் தேடி வருவோருக்காக எவரும் உகப்பாக்கம் செய்வதில்லை. அதற்கான செலவுத் தலைப்பு எந்தக் கணக்கிலும் கிடையாது.

இதற்கு நேர் எதிரான ஒரு பழைய ஏற்பாட்டை இங்கு குறிப்பிடல் பொருத்தமாகும். மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றுக்கு ஆங்கிலப் பெயரோடு தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரும் உண்டு. மலையை, ஆற்றை, முதல் கங்காணியை, துரையின் நடையையோ குணத்தையோ கொண்டு அமைந்த பெயர்கள் அவை. ஃபேர்குசனின் 'சிலோன் டிரெக்டரி' ஒரு காலத்தில் தோட்டங்களின் ஆங்கிலப் பெயருக்கு எதிரே இத்தமிழ்ப் பெயர்களையும் அச்சிட்டு வந்தது. தமிழின் மீது கொண்ட பற்று அதற்குக் காரணமன்று. தென்னிந்தியாவிலிருந்து வரும் ஆட்கள் தோட்டத்தை அப்பெயராலேயே அறிந்திருந்தனர். அப்பெயரால் தேடுவோருக்குத் தோட்டம் அகப்பட்டாக வேண்டியிருந்தது. ஆள் தேவைப்பட்ட காலம்வரை, தொழிலாளி தேடும் சொல்லுக்கும் அச்சில் இடம் ஒதுக்கப்பட்டது. இன்று தோட்டக் கம்பனிகளின் பக்கங்களில் நாம் தேடியவரையில் அத்தமிழ்ப் பெயர்களை ஓரிடத்தும் காணவில்லை. பெரட்டுக் களத்தில் அவை இன்னும் வழங்குகின்றன.